இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம்

போன வருடம் வைகாசி மாதம். தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. கொடைக்கு முந்தின நாள் சாயங்காலம் பட்டிமன்றம் வைத்திருந்தார்கள். அதில் தோற்பதற்காக நான் போயிருந்தேன்.

தோற்பதற்காக என்றுதான் சொல்கிறேன். திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக் கடையில் விற்பனையாளனாக நிற்கிறவன் நான். லீவு கிடைத்தால் பட்டிமன்றம் பேசப் போவேன். எங்கள் குழுவில் ஜெயிக்கிற அணிக்குக் கண்ணீர் வரப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தோற்கிற அணிக்கு ஒரு கோமாளி வேண்டும். இல்லாவிட்டால் பாதிக் கூட்டம் முறுக்கு வாங்க எழுந்து போய்விடும். அந்தக் கோமாளி வேலை என்னுடையது. எத்தனையோ மேடை ஏறிவிட்டேன், ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. “வீட்டுலதான் தோக்கீய, வெளியூர் போயும் தோக்கணுமா” என்பாள் என் மனைவி.

பட்டிமன்றத் தீர்ப்பு மேடையில் பிறக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால் அந்த நல்ல மனதைக் கெடுப்பதற்கு வருத்தமாக இருக்கிறது. எங்கள் தீர்ப்பெல்லாம் வேனில்தான் பிறக்கும். பெரும்பாலும் சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் பிறந்துவிடும். விழா நடத்துகிறவர்கள் எந்தப் பக்கம் ஆசைப்படுகிறார்களோ, அந்தப் பக்கம் நடுவர் சாய்வார். அன்றைக்குத் தலைப்பு, ‘சாதனையாளர்களை உருவாக்குவது அரவணைப்பா, அடக்குமுறையா?’

நடுவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். முன் சீட்டிலிருந்து திரும்பி எங்களிடம் சொன்னார். “தீர்ப்பு அடக்குமுறைக்குத்தான்வே. விழாக் குழுத் தலைவர் போன்ல சொல்லிட்டாரு. அந்த ஊர்க் காலனிப் பிள்ளை ஒண்ணு ஓட்டப் பந்தயத்துல தேசிய அளவுல மெடல் வாங்கி ரயில்வேல வேலைக்குப் போயிருக்காம். பட்டிமன்றம் முடிஞ்சதும் அதுக்குப் பாராட்டு. அதுக்குத் தோதா தீர்ப்பு வேணும்ங்காரு.”

“அப்போ நான் அரவணைப்புக்குப் பேசித் தோக்கணும்.”

“நீரு எதுக்குப் பேசினாலும் தோக்கத்தான் போறீரு. அதைச் சிரிக்கச் சிரிக்கச் செய்யும்.”

நான் பேச வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பாத்திரக் கடையில் குடமும் அண்டாவும் நாள் முழுக்க உருண்டுகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே விலை சொல்லிச் சொல்லி எனக்குத் தகரக் குரல் வாய்த்துவிட்டது. “ஒமக்கு மைக் எதுக்குவே, வீண் செலவு” என்று நடுவர் மேடைக்கு மேடை சொல்லிச் சிரிக்க வைப்பார். நானும் சிரித்து வைப்பேன்.

ஊருக்குப் போனதும் கேசரியும் வடையும் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டுத் தெருவின் கடைசி வரை நடந்தேன். கடைசி வரிசைக்குக் குரல் எட்டுமா என்று பார்த்துவைப்பது என் பழக்கம். மேடை கோயிலுக்கு முன்னால், வடக்குக் கோடியில். பந்தலும் நாற்காலிகளும் தெரு நெடுக. தெற்குக் கோடியில், தெருவை அடைத்து ஆளுயரத்துக்கு ஓர் இரும்புக் கேட். பச்சை பெயிண்ட். பெரிய பூட்டு. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அதே தெரு தொடர்ந்து போனது. வீடுகள் தெரிந்தன. கேட்டை ஒட்டிச் சில பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே, நிகழ்ச்சி தொடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவரிடம் எதற்கு இந்தக் கேட் என்றேன்.

“மாடு வந்து கோலத்தை மிதிச்சிருது அண்ணாச்சி. அதான்.”

கேட்டுக்கு இந்தப் பக்கம், எங்கள் காலடியிலேயே, ஒரு மாடு வாழை இலையை மென்றபடி படுத்திருந்தது. “அப்போ இந்த மாடு?” என்றேன்.

“அது நம்ம தெரு மாடுல்லா” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த கையோடு ஒரு சந்தேகமும் வந்தது. மாட்டுக்குக்கூட எந்தத் தெரு என்று பார்க்கிற ஊரில் மனிதனுக்குப் பார்க்காமல் இருப்பார்களா. விசாரித்தேன். பஸ் நிற்கிற மெயின் ரோடு கோயில் தெருவுக்கு வடக்கே. காலனி தெற்கே. கேட்டைப் பகலில் கொஞ்ச நேரம் திறப்பார்களாம். காலையில் கோயில் பூஜை முடிகிற வரைக்கும் பூட்டு. விளக்கு வைத்தால் மறுபடி பூட்டு. கொடை நாட்களில் முழுப் பூட்டு. பூட்டியிருக்கும்போது காலனிக்காரர்கள் வாய்க்கால் கரையைச் சுற்றி ரோட்டுக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலையில் போவதும், வெளியூரிலிருந்து பஸ் பிடித்து இருட்டில் வருவதும் அந்தக் கரையில்தான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், என்னைப் பார்த்து, “நீங்க பேச வந்திருக்கியளா?” என்றார்.

“ஆமா தாயி. தோக்க வந்திருக்கேன்.”

“தோத்தாலும் சத்தமா தோங்க அண்ணாச்சி. இங்கன ஸ்பீக்கர் கட்டல.”

“கவலைப்படாதீங்க. என் சத்தம் பாபநாசம் அணைக்கே கேக்கும்.”

அவரும் கூட இருந்த பெண்களும் சிரித்தார்கள். அன்றைக்கு நான் வாங்கிய முதல் சிரிப்பு அதுதான். பந்தலுக்குள் வாங்கிய எல்லாவற்றையும்விட எனக்கு அது ருசித்தது.

கொஞ்ச நேரத்தில் மாலை போட்ட கார் ஒன்று வந்தது. அதிலிருந்து ட்ராக் சூட் போட்ட ஒரு பெண் இறங்கினாள். பாராட்டுக்குரியவள். லீவில் சொந்த வீட்டுக்கு வந்திருக்கிறாளாம். வீடு எங்கே என்றால், கேட்டுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது வீடு. மேடையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவளைப் பாராட்டக் கூட்டிவர வேண்டும், ஆனால் கேட்டைத் திறக்கக் கூடாது. வாய்க்கால் கரையில் கார் போகாது. அதனால் அடுத்த ஊர்ப் பாலம் வரைக்கும் சுற்றிப் போய் ஏற்றி, மறுபடி சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். டீசலுக்கும் மாலைக்கும் ஆன யோசனையில் ஒரு சாவியைத் திருப்புவதற்கான யோசனை யாருக்கும் வரவில்லை. வந்திருக்கும். வேண்டாம் என்று விட்டிருப்பார்கள்.

பட்டிமன்றம் தொடங்கியது. எதிரணியினர் வழக்கம்போல வைரத்தைப் பட்டை தீட்டினார்கள். தங்கத்தை நெருப்பில் போட்டார்கள். கல்லை உளியால் கொத்தினார்கள். “அடி வாங்குகிற கல்தான் சிலையாகும்” என்று ஓர் அம்மையார் குரல் நடுங்கச் சொன்னபோது கைதட்டல் பந்தலைத் தூக்கியது.

என் முறை வந்தது. “அடி வாங்கினா சிலையாகலாம்னா, கல்யாணமாகி இத்தனை வருசத்துல என்னை எங்க வீட்டுல கோபுரத்துலயே ஏத்தியிருக்கணும்” என்றேன். நல்ல சிரிப்பு. “உளி பட்டு ஒடைஞ்சு போன கல்லையெல்லாம் யாருவே எண்ணினது? அதெல்லாம் ரோடு போடப் போயிருக்கும்” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். சிரிக்க வைக்கத்தான் அதைச் சொன்னேன் என்பதால் குறை சொல்ல முடியாது. கேட்டுக்கு அந்தப் பக்கமும் கேட்க வேண்டும் என்று வழக்கத்தைவிடக் கத்தினேன். நடுவர் காதைப் பொத்திக் காட்டிக் கைதட்டு வாங்கினார்.

தீர்ப்பு வேனில் சொன்னபடியே வந்தது. அடக்குமுறையே சாதனையாளர்களை உருவாக்குகிறது.

எங்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தினார்கள். விழாக் குழுத் தலைவர் என்னைக் கட்டிப்பிடித்து, “வயித்த வலிக்கு வே, அவ்ளோ சிரிப்பு” என்றார். அதன்பிறகு அவரே மைக்கைப் பிடித்தார். அவர் பேசியதை என்னால் இன்றைக்கும் வரி மாறாமல் சொல்ல முடியும்.

“நடுவர் ஐயா நம்ம ஊரைப் பார்த்துத் தீர்ப்பு சொன்ன மாதிரி இருக்கு. நாம கேட்டைப் பூட்டி வச்சதுனாலதான இந்தப் பிள்ளை வாய்க்காக் கரையில ஓடி ஓடிப் பஸ் பிடிச்சுது. அந்த ஓட்டந்தான இன்னைக்கு மெடலா வந்து நிக்கு. இந்த மெடல்ல நம்ம ஊருக்கும் ஒரு பங்கு இருக்கு.”

கைதட்டினார்கள். நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், கைதட்டினார்கள். வீட்டைக் கொள்ளையடித்தவன் திரும்ப வந்து, ‘என்னால்தானே நீ சிக்கனம் படித்தாய், எடு தட்சிணையை’ என்று கேட்டால் எப்படி இருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பாம்பு ஊர்கிற கரைக்கு விரட்டிய பூட்டுக்கு, அன்றைக்கு ஓட்டப் பயிற்சியாளர் பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டத்துக்குச் சான்றிதழ் கொடுத்தது எங்கள் தீர்ப்பு.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் மேடைப் படியில் கால் வைக்கப் போனாள். “கீழயே நில்லு தாயி, போட்டோக்கு அங்கதான் வெளிச்சம் நல்லாருக்கு” என்றார் தலைவர். எங்கள் எல்லோருக்கும் மேடை மேல்தான் போட்டோ எடுத்தார்கள். வெளிச்சம் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது போலிருக்கிறது. எங்களுக்குத் தோளில் போர்த்திய பொன்னாடையை, அவளுக்கு ஒரு தட்டில் வைத்து நீட்டினார். அவளே எடுத்துக்கொள்ள வேண்டுமாம். விரல் பட்டுவிடும் என்று பயப்படுகிற கைதான் அந்த மெடலில் பங்கு கேட்டது.

அவள் பொன்னாடையை எடுத்துக் கையில் மடித்து வைத்துக்கொண்டாள். “நானும் ரெண்டு வார்த்தை பேசணும்” என்றாள். நன்றிதான் சொல்லப் போகிறாள் என்று மைக்கைக் கீழே இறக்கிக் கொடுத்தார்கள்.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச வராது. ஓடத்தான் வரும்” என்று தொடங்கினாள். கூட்டம் செல்லமாகச் சிரித்தது. “தலைவர் ஐயா சொன்னதுல ஒரு திருத்தம். நான் வாய்க்காக் கரையில ஓடப் படிக்கல. அங்க பாம்புக்குப் பயப்படத்தான் படிச்சேன். ஓடப் படிச்சது பாளையங்கோட்டையில, ஹாஸ்டல்ல இருக்கும்போது. அங்க எங்க பி.டி. டீச்சர் ஷூ வாங்கித் தந்தாங்க. தினமும் முட்டை தந்தாங்க. நான் ஒருநாள் ஓடாம படுத்துக் கெடந்தா, ஏம்ட்டி என்ன செய்யுதுன்னு வந்து கேட்டாங்க. இந்தத் தெருவுல என்னை அப்படி யாரும்...”

அத்தோடு ஸ்பீக்கர் நின்றது. தலைவர் மைக்செட்காரரைப் பார்த்து விரலை ஆட்டியதை மேடையில் இருந்த நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கரண்ட் போகவில்லை. சீரியல் பல்புகள் எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தன.

அவள் மைக்கைத் தட்டிப் பார்த்தாள். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மேடையின் ஓரத்து நாற்காலியில் இருந்தவன் நான்.

“அண்ணாச்சி, உங்க சத்தம் அந்த இரும்புக் கேட்டு வரைக்கும் போகும்லா?”

“போகும்.”

“நான் சொல்லச் சொல்ல நீங்க சொல்லுங்க. ஒண்ணும் சேக்க வேண்டாம். சிரிக்க வைக்கவும் வேண்டாம்.”

நடுவர் என் பொன்னாடையின் நுனியைப் பிடித்து, “உக்காரும்வே. அடுத்த வருசக் கொடைக்கும் இவங்கதான் கூப்பிடணும்” என்றார். நான் எழுந்தேன். என் உடம்புக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி போதாது. அதுவும் என்னோடு சேர்ந்து எழுந்தது. அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, பொன்னாடையை நடுவர் கையிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் எடுத்த வீரமான முடிவுக்குக் கிடைத்த வரவேற்பு முன் வரிசைப் பிள்ளைகளின் சிரிப்பு.

அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள். நான் கடையில் அண்டா உருளும்போது பேசுகிற குரலில் சொன்னேன்.

“எங்க அக்கா என்னைவிட வேகமா ஓடுவா.”

மீசை வைத்த ஒரு குண்டு மனிதன் அப்படிச் சொன்னால் சிரிக்கத்தான் தோன்றும். சிரித்தார்கள். அடுத்த வரிக்கு அது நின்றது.

“எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடத்துல அவளை முந்த ஆளில்ல. பையன்களையும் சேத்துத்தான் சொல்லுதேன். அவ பெரியவளானதும், இருட்டுல வாய்க்காக் கரையில தனியா வர வேண்டாம்னு எங்க அப்பா படிப்பை நிறுத்திட்டாங்க. கேட்டு தொறந்திருந்தா, லைட் போட்ட இந்தத் தெரு வழியா அவ வீட்டுக்கு வந்திருப்பா. எனக்கு ஹாஸ்டல் கெடைச்சுது. அவளுக்குக் கெடைக்கல. எங்களுக்குள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.”

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். “ஏலே, நீ எந்த ஊர்க்காரன்லே. பேச வந்தா பேசிட்டுப் போ.”

“பேசிக்கிட்டுதான இருக்கேன் அண்ணாச்சி” என்றேன். அவர் பக்கம் திரும்பாமல் அவளுக்குக் காதைக் கொடுத்தேன்.

அவள் அடுத்ததைச் சொன்னாள். நான் சொன்னேன். “அடக்கினா மேல வருவாங்கன்னு தீர்ப்பு சொன்னீங்க. என்னை அடக்கின இதே கேட்டுதான அவளையும் அடக்குச்சு. எனக்கு முன்னாலயும் எத்தனையோ பேர அடக்குச்சு. அவங்கல்லாம் எங்க? நான் வாங்கின மெடலுக்கு ஊரு பங்கு கேக்குது. எங்க அக்கா வாங்காமப் போன மெடலுக்கு யாரு பங்கு கேப்பீங்க?”

கடைசி வரியில் என் தகரக் குரல் விரிசல் விட்டுவிட்டது. ஆனால் எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டியது. பந்தலுக்கு வெளியே, கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. பந்தலுக்குள் யாரும் தட்டவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் அந்தப் பச்சை பெயிண்ட் கம்பிகள் மட்டும்தான் இருந்தன.

அவள் பொன்னாடையோடு கேட்டை நோக்கி நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். மேடைக்குத் திரும்பிப் போகிற தைரியம் இல்லாததும் ஒரு காரணம். கேட்டருகே நின்று, “சாவி கொடுங்க, வீட்டுக்குப் போணும்” என்றாள். சாவி பூசாரியிடம் என்றார்கள். பூசாரி தலைவரைப் பார்த்தார். தலைவர், “பூஜை முடியட்டும் தாயி, கார் நிக்குல்லா, ஏறிப் போ” என்றார்.

“கார் வேண்டாம்” என்று அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அந்த மாடு கொஞ்சம் தள்ளிப் படுத்து அவளுக்கு இடம் கொடுத்தது. அந்தத் தெருவில் இடம் கொடுத்த ஒரே ஜீவன்.

மேடைப் பக்கமிருந்து எங்கள் வேன் ஹாரன் அடித்தது. இரண்டாம் முறை அடித்தது. பிறகு போய்விட்டது. ஆக, நானும் உட்கார்ந்தேன். உட்காருவது எனக்குச் சுலபம். எழுவதுதான் சிரமம். அதனால் என்னை ரொம்ப உறுதியான ஆள் என்று கொடைப் பாதுகாப்புக்கு வந்திருந்த போலீஸ்காரர் நினைத்திருக்கலாம்.

அந்தப் போலீஸ்காரர் யாருக்கோ போன் செய்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் இளைஞர்கள் எல்லோரும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மெடல் வாங்கிய பெண், ரயில்வே ஊழியை, தன் வீட்டுக்குப் போக வழியில்லாமல் தெருவில் உட்கார்ந்திருக்கிறாள். நன்றாக இருட்டிய பிறகு ஓர் அதிகாரி வந்து இறங்கினார். தலைவரைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினார். சாவி வந்தது. “இன்னைக்கு மட்டுந்தான்” என்று சொல்லித்தான் பூட்டைத் திறந்தார்கள். சொந்த வீட்டுக்கு ஒருநாள் அனுமதி.

அவள் உள்ளே போனதும் முதலில் செய்த காரியம், அந்தப் பொன்னாடையை விரித்து ஒரு பெண்ணின் தோளில் போர்த்தியது. என்னைச் சத்தமாகத் தோற்கச் சொன்ன அதே பெண். அவர்தான் அக்கா. அவர் கையிலிருந்த புகையிலைத் தூளைச் சேலையில் துடைத்துவிட்டு, பொன்னாடையை ஒருமுறை தடவிப் பார்த்தார். “ஏட்டி, என்னை எதுக்கு இதுல இழுத்த” என்று தங்கச்சியின் தலையில் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “சத்தம் நல்லாக் கேட்டுச்சு அண்ணாச்சி. உள்ள வாங்க, தொண்டை கட்டியிருக்கும், காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

போனேன். நான் தாண்டியதும் பின்னால் கேட் சாத்துகிற சத்தம். பூட்டுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். நான் அந்தப் பக்கம் ஆகிவிட்டேன்.

சுக்குக் காப்பி குடித்து முடித்தபோது, ஒன்பது மணி பஸ்ஸை விட்டால் அப்புறம் பஸ் கிடையாது என்றார்கள். அக்கா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வழிகாட்ட வந்தார். வாய்க்கால் கரை. ஓர் ஆள் நடக்கிற அகலம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல் சேறு. நாலடி நடப்பதற்குள் காலில் எதுவோ சுருண்டது. நான் போட்ட கூச்சலில் நாணல் புதரிலிருந்த பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன. பழைய மோட்டார் பைப் துண்டு அது. அக்கா சிரிக்கவில்லை. “பாத்து பைய வாங்க அண்ணாச்சி. நேத்து இங்கன நெசமாவே ஒண்ணு கெடந்துச்சு” என்றார். அடுத்த வளைவில் சறுக்கி முழங்கால் வரைக்கும் வாய்க்காலில் இறங்கினேன். ஒரு செருப்பை வாய்க்கால் வாங்கிக்கொண்டது. பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை, புத்தகப் பையோடு, தனியாக, இருட்டில். நான் நாற்பத்தேழு வயது ஆண்பிள்ளை, துணையோடு, டார்ச்சோடு, அழாத குறையாக வந்துகொண்டிருந்தேன். இதுவா மனிதனைச் செதுக்குகிறது? எனக்கு வந்த கோபத்தில் கையில் மட்டும் மைக் இருந்திருந்தால் ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

தூரத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. நாங்கள் பாதிதான் வந்திருந்தோம். “போச்சு” என்றேன்.

“லைட்டைப் பிடிங்க” என்று டார்ச்சை என் கையில் திணித்தார் அக்கா. தோளில் கிடந்த பொன்னாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினார்.

ஓடினார்.

எனக்கு ஓட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது. நான் ஓடுவது கடையில் முதலாளி வரும்போது மட்டும்தான். ஆனால் அன்றைக்கு அந்த மங்கிய வெளிச்சத்தில், அந்த ஒற்றைத் தடத்தில், வெறுங்காலோடு அந்தப் பெண் ஓடியதைப் பார்த்தபோது, பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டது போல இருந்தது. காலடிச் சத்தமே கேட்கவில்லை. நான் டார்ச்சை அடித்த இடத்தில் அவர் இல்லை, அதற்கு முன்னாலேயே போய்விட்டிருந்தார். வெளிச்சத்தால் அவரைப் பிடிக்க முடியவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது, பஸ் நின்றுகொண்டிருந்தது. அவர் அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று டிரைவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

“பழக்கம் விட்டுப் போச்சு அண்ணாச்சி. முன்னாடின்னா இதுக்குள்ள உங்களுக்கு சீட்டும் போட்டு வச்சிருப்பேன்” என்றார்.

ஒற்றைச் செருப்போடு ஏறினேன். கண்டக்டர், “என்னவே, பட்டிமன்றமா?” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அடையாளம் தெரிந்திருக்கிறது. “ஆமா” என்றேன். “ஜெயிச்சீரா?” என்றார். டிக்கெட்டுக்குச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். வழி நெடுக எனக்கு வேறொருவர் நினைவுதான். எங்கள் கடையில் என் பக்கத்தில் நின்று என்னைவிட அதிக வருடம் அந்தப் பாத்திரச் சத்தத்தைக் கேட்ட ஓர் அண்ணாச்சி இருக்கிறார். எனக்குக் குரல் வந்த அதே சத்தத்தில் அவருக்குக் காது போனது. என் குரல் வந்த கதையை மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறேன். அவர் காதைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை என்பது அந்த பஸ்ஸில்தான் உறைத்தது.

நடுவர் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடுவதில்லை. என்னைவிட நன்றாகத் தோற்கிற ஆள் கிடைத்துவிட்டானாம். அந்த வீடியோ போன் போனாகச் சுற்றி, கடைசியில் தாசில்தார் அலுவலகத்தில் இருந்து ஆட்கள் வந்து கேட்டைப் பெயர்த்தார்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் பாத்திரம் இறக்கப் போனபோது இறங்கிப் பார்த்தேன். கேட் இருந்த இடத்தில் இரண்டு பள்ளம். மேலே ஒரு பிளக்ஸ் போர்டு. ‘பொதுப் பாதை அமையப் பாடுபட்ட விழாக் குழுவினருக்கு ஊர்ப் பொதுமக்களின் நன்றி.’ தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். பூட்டியதற்கும் நன்றி கேட்டார்கள், திறந்ததற்கும் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் போர்டுக்குக் கீழே, பள்ளிக்கூடம் விட்டு வந்த நாலைந்து பெண் பிள்ளைகள் ஐஸ் தின்றுகொண்டு அவசரமே இல்லாமல் நடந்து போனார்கள். அவர்கள் ஓடவில்லை என்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

இப்போதும் எந்த மேடையிலாவது, ‘பட்ட கஷ்டம்தான் இவரை இந்த உயரத்துக்குக் கொண்டுவந்தது’ என்று யாராவது சொன்னால், கூட்டம் கைதட்டுகிற நேரத்தில் என் கண் கடைசி வரிசைக்கும் பின்னால் போய், அந்த டார்ச் வெளிச்சத்துக்குப் பிடிபடாமல் ஓடிய கால்களைத் தேடுகிறது.